இடப்பக்க எடை

அண்ணனூர்
9.10.2025

அன்புள்ள கிருஷ்ணப்பிரியாவுக்கு,

நான் முழுப்பெயர் போட்டு எழுதினால் கோபமாக இருக்கிறேன் என்று அர்த்தம். உனக்கே தெரியும். போன் எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் படித்த மாதிரியே காட்டுவதில்லை. அதனால் தபால். அண்ணனூரிலிருந்து காட்டுப்பாக்கத்துக்குக் கடிதம் போடுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கவர் வாங்கப் போனால் தபால் ஆபீஸ் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா மேடம், கோர்ட்டு நோட்டீஸா?" என்கிறாள்.

நான் இருக்கிறேன். காலையில் டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினால் இருட்டின பிறகுதான் இறங்குகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுக்காகப் பிரேக் மிதித்து மிதித்து வலது முட்டி தேய்ந்துவிட்டது. நேற்று ஒருவர் அம்பத்தூர் மேம்பாலத்து நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, "அடுத்து என்ன மேடம்?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்குக் கழுவலாம் என்று நம் லான்சர் காரை வெளியே எடுத்தேன். ஒரு சுற்று போய்வரலாம் என்று ஆசை. திருமுல்லைவாயில் தாண்டுவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. முன்பக்கம் டக் டக்கென்று ஒரே சத்தம். பின்பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் குதித்துக் குதித்து, அடுத்த பள்ளம் வந்த பிறகும் அடங்குவதில்லை. அயப்பாக்கம் மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். ஜெகன் அண்ணன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நாலு ஷாக் அப்சார்பரும் எண்ணெ கக்கிகினு கீதும்மா. ரப்பர் புஷ்ஷு தொட்டா உதிருது. இத்த வச்சிகினு ரேலிக்குப் போவ முடியாது, கல்யாண ஊர்கோலம் வேணா போவலாம்."

பழையபடியே மாற்றாமல், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பிரிங், ஷாக் செட்டாகப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஜனவரிக் கடைசியில் ஏலகிரிப் பக்கம் கார் ரேலி. பெண்கள் பிரிவும் இருக்கிறது. நான் ஓட்ட, நீ இடப்பக்கம் உட்கார்ந்து நோட்ஸைப் பார்த்து வளைவுகளை வாசிக்க, எப்போதும் போல.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான்கு சக்கரத்துக்குக் கீழும் தராசு வைத்து, நாம் இருவரும் உட்கார்ந்திருக்கிற அளவுக்குப் பாரம் ஏற்றி, அதற்குத் தகுந்தபடி ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் திருகி வைப்பார்களாம். தராசை ஜெகன் அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் யாரிடமோ இரவல் கேட்டிருக்கிறார். என் எடையை வெட்கம் பார்க்காமல் சொல்லிவிட்டேன். உன் எடை என்ன?

உன்
ரேகா


காட்டுப்பாக்கம்
16.10.2025

அன்புள்ள ரேகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மேம்பாலத்து மனிதரைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து நாளாகிறது.

போன் எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஆபீஸ் வேலை முழுக்க ஹெட்செட்டில்தான். அதைக் கழற்றினால் எந்தச் சத்தமும் வேண்டாம் என்று இருக்கிறது. தாளில் எழுதுவது இப்போது எனக்கு வசதி. நீயும் எழுது. உன் கையெழுத்துதான் மோசம், பொறுத்துக்கொள்கிறேன்.

லான்சருக்கு அவ்வளவு பெரிய செட் எதற்கு? பழையபடியே நான்கு ஷாக்கும் புஷ்ஷும் மாற்றினால் போதாதா? எதைப் போட்டாலும், ஜெகன் அண்ணனிடம் ஒன்று சொல்லு. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரத்துக்கு வந்த பிறகுதான் புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கவேண்டும். போன தடவை அந்தரத்தில் தொங்கவிட்டே இறுக்கினார். இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்றது. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் கிழிந்தது.

ஜனவரியில் ஆபீசில் வேலை அதிகமிருக்கும். பார்க்கலாம்.

முட்டிக்கு டாக்டரைப் பார். தைலம் தேய்த்து ஆகிற காரியம் இல்லை அது. தீபாவளி நல்லபடியாகப் போகட்டும்.

அன்புடன்
ப்ரியா


அண்ணனூர்
27.10.2025

அடியே ப்ரியா,

ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். புஷ் போல்ட்டைப் பற்றி எழுத இடம் இருக்கிறது, என் முட்டியைப் பற்றி எழுத இடம் இருக்கிறது, உன் எடையை எழுத மட்டும் இடம் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. குண்டாகிவிட்டாய். அதுதானே? நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தால் வேறென்ன ஆகும்? அதற்கா இவ்வளவு பிகு? நானென்ன உன்னைப் பெண் பார்க்கவா வருகிறேன்? எண்ணைச் சொல்லித் தொலை. ஜெகன் அண்ணனைத் தவிர யாருக்கும் சொல்லமாட்டேன். அவருக்கும் கிலோ என்று சொல்லாமல் மூட்டைக் கணக்கில் சொல்கிறேன்.

மூட்டை என்றதும் நினைவு வருகிறது. செட் வந்து இறங்கிவிட்டது. பழைய ஷாக்கைக் கழற்றி ஜெகன் அண்ணன் கையால் அமுக்கிக் காட்டினார். அமுக்கினால் உள்ளே போகிறது, திரும்பி வரமாட்டேன் என்கிறது. என்னையே நான் பார்க்கிற மாதிரி இருந்தது. புதியதை மாட்டிவிட்டு, நீ சொன்னதைச் சொன்னேன். "அது சொல்லிச்சுன்னா கரீட்டாத்தான் கீது," என்று வண்டியை இறக்கி வைத்து, மறுபடி அடியில் நுழைந்து முனகிக்கொண்டே இறுக்கினார். உன் சீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டு, "இதான் கிருஷ்ணப்பிரியா" என்கிறார். உன்னைவிடத் தேவலை. கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டாலும் ஷெட்டுக்காவது வந்திருக்கிறது.

ரேஷ்மா என்று ஒரு பெண். போன வருஷம் என்னிடம் லைசென்ஸ் எடுத்தவள், ஆவடியில் வேலை. வேலை முடிந்ததும் ஷெட்டுக்கு வந்து நிற்கிறாள். "மேடம், நோட்ஸ் நான் வாசிக்கட்டுமா? எனக்கு மேப்பெல்லாம் நல்லாப் பாக்க வரும்" என்கிறாள். அந்த சீட்டு காலியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முகம் தொங்கிப்போய்ப் போனாள், பாவம்.

உனக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் தினமும் இடப்பக்கம் உட்கார்ந்து "கிளட்ச், பிரேக், கண்ணாடியைப் பார், ஆட்டோவை விடு" என்று கத்திக்கொண்டே இருக்கிறேன். வீட்டுக்கு வந்தாலும் நான்தான் சொல்லவேண்டும், கேஸ் தீர்ந்தது, கரண்ட் பில் கட்டு, மாத்திரை போடு என்று. வருஷத்தில் ஒரு தடவை, அந்த ரேலியில்தான், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். நீ சொல்கிறாய், நான் திருப்புகிறேன். எதிரில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை. எனக்குக் கோப்பையெல்லாம் வேண்டாம். அந்த ஒரு நாள் வேண்டும். ரொம்ப அலுத்துப்போயிருக்கிறேன், ப்ரியா.

எடை.

ரேகா


காட்டுப்பாக்கம்
5.11.2025

அன்புள்ள ரேகாவுக்கு,

நீ எழுதியதை நான்கைந்து முறை படித்தேன்.

ரேஷ்மாவை ஏன் அப்படி அனுப்பினாய்? தானாக வந்து கேட்கிறாள் என்றால் ஆர்வம் இருக்கிறது. நான் முதலில் வந்தபோது எனக்கு என்ன தெரியும்? உன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தேன், கியர் மாற்றவே வரவில்லை, "நீ ஓட்ட லாயக்கில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லு" என்று நீதான் சொன்னாய். அந்தப் பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துப் பார். தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே வயிறு புரட்டாமல் இருக்கிறதா என்று பார். அது முக்கியம்.

எங்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இல்லை. ஜனவரியில் எனக்கு விடுமுறை கிடைப்பது கஷ்டம். உறுதியாக எதையும் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். என்னை வைத்து உன் ஏற்பாட்டைத் தள்ளிப்போடாதே.

நேரில் வராதே. வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், எல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது.

அன்புடன்
ப்ரியா


அண்ணனூர்
20.11.2025

கிருஷ்ணப்பிரியாவுக்கு,

நேற்று வந்தேன். நீ வராதே என்று எழுதிய பிறகும் வந்தேன், எனக்கு வெட்கம் மானம் ஒன்றும் இல்லை.

கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். "மேடம் ஊருக்குப் போயிருக்காங்கம்மா." எப்போது வருவாள் என்றால், "தெரியாதும்மா, சொல்லச் சொன்னாங்க" என்றார். யார் சொல்லச் சொன்னது என்று கேட்டதும் பேந்தப் பேந்த விழித்தார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை, அவரை ஏன் படுத்துகிறாய்? மேலே பார்த்தேன். பால்கனியில் உன் மஞ்சள் சுடிதார் காய்கிறது. சுண்ணாம்பு அடிக்கிற வீட்டுக் கொடியில் துணி காய்கிறது. அப்புறம் நீயே வந்தாய். எட்டிப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உள்ளே போய்விட்டாய். உன் ஸ்கூட்டி கீழே தூசி படிந்து நிற்கிறது.

நான் திரும்பிவிட்டேன். ஐயப்பன்தாங்கல் டிப்போ வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்து உயிரை வாங்கினான்.

என்ன செய்தேன் உனக்கு? கோபம் என்றால் திட்டி எழுது. வேறு டீமில் சேர்ந்துவிட்டாய் என்றால் அதையாவது எழுது. எரியும், ஆனால் தாங்கிக்கொள்வேன். இப்படி மழுப்பி மழுப்பி எழுதாதே. உனக்கு அது வராது. வளைவு எங்கே இருக்கிறது, எவ்வளவு கூர்மை என்று மட்டும் சொல்லி, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தவள் நீ.

தராசை இந்த மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஜெகன் அண்ணன் தினமும், "இன்னாம்மா, உன் பார்ட்னரு வர்றாளா இல்லியா? வண்டி எடத்த அடச்சிகினு நிக்குது" என்கிறார். எடையைச் சொல்லு. இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று எழுது. இரண்டில் ஒன்று. இதற்கு மேல் நான் கேட்கமாட்டேன்.

ரேகா


காட்டுப்பாக்கம்
25.11.2025

அன்புள்ள ரேகாவுக்கு,

எழுபத்தொன்று.

நீ சொன்னது சரி, குண்டாகிவிட்டேன். மற்ற எதிலும் நீ நினைத்தது சரியில்லை. எனக்கு உன் மேல் என்ன கோபம் இருக்க முடியும்?

ஜூன் மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தரை எழுந்து வந்து முகத்தில் அடித்தது. அன்று முழுக்கக் கண்ணைத் திறந்தாலே அறை சுற்றியது. ரத்த அழுத்தம் என்றார்கள், கழுத்தெலும்பு என்றார்கள். கடைசியில் காது டாக்டர் ஒருவர் உட்காதில் கோளாறு என்று கண்டுபிடித்தார். அது வரும், போகும், மறுபடி வரும். இடது காது ஏறக்குறையப் போய்விட்டது. கேட்கவேண்டியது கேட்காது, அதற்குப் பதில் நாள் முழுக்க ஒரு மிக்சி ஓடுகிறது. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். உப்பில்லாத சாம்பாரைத் தின்றே பாதி உயிர் போய்விட்டது.

போனைக் காதில் வைக்க முடியவில்லை. திரையில் எழுத்து மேலும் கீழும் ஓடினால் எனக்கும் ஓடுகிறது. தாள் அசையாமல் கிடக்கிறது, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். ஆபீசில் சம்பளமில்லாத விடுமுறை. அன்று நீ வந்தபோது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது உன்னைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. விட்டால் விழுந்துவிடுவேன்.

டாக்டரிடம் ரேலியைப் பற்றிக் கேட்டேன். ஓடுகிற வண்டியில் குனிந்து வாசிப்பதா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். பூந்தமல்லி வரைக்கும் ஆட்டோவில் போனாலே இறங்கி ஓரமாக வாந்தி எடுக்கிறேன். இனி அது நடக்காது, ரேகா. இந்த வருஷம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். அதுவும் பொய். இனி எப்போதும் இல்லை.

உன்னிடம் சொன்னால் லான்சருக்கு உறை போட்டு மூடிவிடுவாய் என்று பயம். அதுதான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், அந்த சீட்டு என்னுடையது இல்லை என்று என் கையால் எழுத எனக்கு மனசே வரவில்லை. எடையைச் சொன்னால் வருகிறேன் என்று ஆகிவிடும். வரமாட்டேன் என்றால் எல்லாம் முடிந்துபோகும். அதனால் எதையும் சொல்லாமல் உன்னை இழுத்தடித்தேன்.

எண்ணைக் கொடுத்துவிட்டேன். ஆள் வரமாட்டாள்.

ப்ரியா


அண்ணனூர்
1.12.2025

என் ப்ரியாவுக்கு,

மடச்சி. ஜூனிலிருந்தா? உப்பில்லாத சாம்பாரைத் தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டு, என்னிடம் முட்டிக்கு டாக்டரைப் பார் என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புகளை ரத்து செய்துவிட்டேன். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

நேராக ஷெட்டுக்குப் போனேன். எழுபத்தொன்று வைக்கச் சொன்னேன். இருபத்தைந்து கிலோ மூட்டை இரண்டு முழுசாக, மூன்றாவது மூட்டையைப் பிரித்து இன்னும் இருபத்தொன்று. ஜெகன் அண்ணன் எழுபதோடு நிறுத்தி, "ஒரு கிலோவுல இன்னாம்மா வந்துடப்போவுது?" என்றார். ஒரு கிலோவும் போட்டே ஆகவேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார். நான் என் சீட்டில் உட்கார, உன் சீட்டில் அரிசி உட்கார, நான்கு தராசையும் பார்த்துப் பார்த்து ஸ்பிரிங்கைத் திருகி முடித்தார். நான் அழுதது அவருக்குத் தெரியும். மூட்டைக்கு அந்தப் பக்கம் போய் எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டார்.

ரேலிக்குப் பெயர் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதும் இல்லை. அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலையில் வருகிறேன். ஷாக்கின் திருகை முழுக்க இளக்கி வைத்திருக்கிறேன், பஞ்சு மாதிரி போகிறது. நீ வாசிக்க வேண்டாம், எதையும் பார்க்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு உன் சீட்டில் உட்கார். திருப்பம், பள்ளம், வேகத்தடை எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டே வருகிறேன். முன்கூட்டியே தெரிந்தால் உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்ளும் என்று எனக்குத் தோன்றுகிறது. போனது இடது காதுதானே? நான் உட்காருவது உன் வலப்பக்கம். வயிற்றைப் புரட்டினால் நிறுத்துகிறேன், பாலிதீன் கவரும் கொண்டு வருகிறேன்.

முடியாது என்றால் நீயே கீழே வந்து சொல்லு. அந்தச் செக்யூரிட்டியைப் பேச வைக்காதே.

உன்
ரேகா


காட்டுப்பாக்கம்
9.12.2025

அன்புள்ள ரேகாவுக்கு,

வாந்தி எடுக்கவில்லை. நீ இறக்கிவிட்டுப் போன பிறகும் எடுக்கவில்லை. சாயங்காலம் கொஞ்சம் சுற்றியது, படுத்தேன், சரியாகிவிட்டது. நீ கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய் என்று இதை முதலில் எழுதிவிட்டேன்.

வண்டி நன்றாக இருக்கிறது. டக் டக் சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. கரையான்சாவடி பக்கத்தில் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கினாயே, ஒரே ஒரு முறை அமுங்கி எழுந்து அப்படியே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதே அது எனக்குத் தெரிந்தது. ஜெகன் அண்ணனிடம் சொல்லு.

நீ சொன்ன விதம்தான் மகா மோசம். 'வலது' என்று நீ சொல்லும்போது நான் ஏற்கெனவே கதவில் சாய்ந்தாயிற்று. 'பள்ளம்' என்கிறாய், அது பின்சக்கரத்துக்கும் போய்விட்டது. குமணன்சாவடியில் "ஐயோ, ஸ்பீட் பிரேக்கர்" என்றாய். ஐயோ என்பதெல்லாம் எந்த ஊர் நோட்ஸில் இருக்கிறது? நீ டிரைவிங் ஸ்கூல்காரி, தப்பு நடந்த பிறகு கத்தியே பழகிவிட்டாய். வளைவு கண்ணில் படும்போது சொன்னால் எனக்குத் தாமதம். அதற்கு முன்னால் சொல்லவேண்டும். அடுத்த ஞாயிறு வரும்போது அதைச் சரிசெய்துகொண்டு வா. போரூர் பக்கம் போகலாம், அங்கே நேர் ரோடு அதிகம்.

கேட்டில் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அது தலைசுற்றல் இல்லை. அழுகை வந்தது. உன் முன்னால் வேண்டாம் என்று நின்றேன்.

ரேலியைப் பற்றிப் பேச்சு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் பேசுவேன். பெயர் கொடுக்கக் கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை. ரேஷ்மாவின் பெயரைக் கொடு. வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிற அந்த ஒரு நாள் உனக்கு வேண்டும் என்று எழுதினாய். அதை நான் உனக்குக் கொடுக்க முடியாது, அவள் கொடுப்பாள். நோட்ஸ் எழுதப் பழக அவளை இங்கே அனுப்பு. தாளை மேசையில் வைத்துச் சொல்லித் தர என்னால் முடியும். இந்த ஐந்தாறு வரி எழுத நிறையத் தாள் கிழித்தேன்.

தராசை மறுபடியும் இரவல் வாங்கச் சொல்லு. அந்தப் பெண் என் அளவுக்கு இருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன், எடையைக் கேட்டுக்கொள். எழுபத்தொன்றுக்கு வைத்த வண்டியில் அவளை உட்காரவைத்து ஓட்டினால் வளைவுக்கு வளைவு வேறு மாதிரி இழுக்கும், நீ அவளைத் திட்டுவாய். இடப்பக்கத்தை அவள் எடைக்கு வைத்துவிடு.

எனக்கு அது பரவாயில்லை. என்னை உட்காரவைத்துக்கொண்டு நீ ஓட்டுகிற வேகத்துக்கு, யாருடைய எடைக்கு வைத்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியாது.

உன்
ப்ரியா